விளைமீனோடு ஒரு முகம் இலவசம்

எங்கள் முகநூல் குழுவில் தினமும் என் படத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். இன்றைக்குப் படம் இல்லை. சோம்பலில் இருந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஒரே நாளில் இவ்வளவு படம் நான் என் வாழ்க்கையில் கீறியதில்லை. ஆனால் ஒன்றுகூடக் கையில் இல்லை. நடந்ததை எழுதுகிறேன். என் படத்தைவிட என் எழுத்துக் கொஞ்சம் விளங்கும்.

புதிதாக வந்தவர்களுக்காக: என் பெயர் சிவகரன். கொக்குவில். கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற கையோடு வீட்டில் சும்மா இருந்து மனைவி குணலட்சுமியின் சமையலுக்கு ஆலோசனை சொல்லத் தொடங்கினேன். அவள் கனடாவில் இருக்கும் மகள் நிவேதனாவுக்கு முறையிட்டாள். மகள் ஒரு கொப்பி அனுப்பினாள். தடித்த தாள், கம்பிச் சுருள் போட்டுக் கட்டியது.

"அப்பா, ஒவ்வொரு நாளும் கண்ணிலை பட்டதை ஒரு பக்கத்திலை கீறுங்கோ. டயறி மாதிரி. வடிவா வரவேணுமெண்டில்லை."

அந்தக் கடைசி வசனத்தை நான் இன்றுவரை தவறாமல் கடைப்பிடித்து வருகிறேன்.

தேநீர்க் கேத்தில் கீறினேன். கிணற்று வாளி கீறினேன். அடுத்த வீட்டு ஆட்டைக் கீறிப் போட்டபோது, "நாய் நல்ல வடிவு, என்ன சாதி?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அல்சேஷன் என்று பதில் போட்டேன். மனைவி முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தபோது ஒருநாள் அவளைக் கீறிக் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"உது ஆர்? உங்கடை பெரியக்காவோ?"

அதற்குப் பிறகு மனிதரைக் கீறுவதை விட்டுவிட்டேன். என் பெரியக்கா இறந்து பத்து வருடம்.

போன கிழமை குழுவில் ஒருவர் எழுதியிருந்தார்: "அண்ணை, கேத்திலுக்கு மூக்கு இருக்கு, ஆனா முகம் இல்லை. எப்ப ஆக்களைக் கீறப்போறியள்?" அது எனக்குச் சுட்டுவிட்டது. அன்றாட வாழ்க்கையின் டயறி என்று சொல்லிக்கொண்டு வாளியையும் கேத்திலையும் கீறிக்கொண்டிருந்தால், வீட்டில் ஆளே இல்லை என்றல்லவா அர்த்தம். ஒரு முகமாவது, இன்னாருடைய முகம் என்று தெரியும்படி கீறாமல் விடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

அதற்கு நான் தேர்ந்தெடுத்த இடம் குருநகர்க் கரை. விடிய மீன் ஏலம் நடக்கும். எல்லாரும் வேலையில் இருப்பார்கள், என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன்.

"கடற்கரைக்கோ? நல்லூர்க் கொடி ஏறியிருக்கேக்கையோ?" என்றாள் மனைவி.

நல்லூர்த் திருவிழா முடியும்வரை எங்கள் வீட்டில் எல்லாரும் விரதம். மீன், இறைச்சி சமைக்கும் மச்சச் சட்டி பானையெல்லாம் கழுவிக் கவிழ்த்துப் பின்கொட்டிலுக்குள் வைத்துப் பூட்டியாயிற்று.

"பாத்துக் கீறத்தான் குணம். வாங்கவோ போறன்?"

வாங்கவோ போகிறேன் என்று கேட்ட அந்த வாய்க்கு இப்போது சர்க்கரை போடலாம்.

நெற்றி நிறையத் திருநீறு, சந்தனப் பொட்டு, மூக்குக் கண்ணாடி, தேய்த்த காற்சட்டை, கையில் கொப்பி, காதில் பென்சில். இந்தக் கோலத்தில் கரைக்குப் போய் இறங்கினேன். ஈர மணலில் பெட்டி பெட்டியாக மீன். ஏலம் கூறுகிறவர் தேவராசா என்பவர். நல்ல குரல். பேச்சில் மூச்சு விடுகிற இடமே கிடையாது. எடுக்க வந்த வியாபாரிகள் அவரைச் சுற்றி நின்றார்கள்.

ஏலம் என்றால் எல்லாரும் கத்துவார்கள் என்று நினைத்திருந்தேன். கத்துகிறவர் கூறுகிறவர் மட்டும்தான். எடுக்கிறவர்கள் வாயே திறப்பதில்லை. ஒருவர் நாடியைத் தூக்குவார். ஒருவர் சுட்டுவிரலை நெஞ்சோடு வைத்து அசைப்பார். ஒருவர் ஒரு கண்ணைச் சுருக்குவார். பக்கத்தில் நிற்கிற போட்டிக்காரனுக்குத் தெரியாமல், கூறுகிறவருக்கு மட்டும் தெரிய வேண்டும் என்பதற்காக அப்படியாம். இந்த விளக்கமெல்லாம் எனக்குப் பிறகு கிடைத்தது. அந்த நேரத்தில் நான் இவர்களெல்லாம் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

ஒரு பெரிய பெட்டி விளைமீன் வந்தது. ஜெரிசன் என்ற ஒருவருடைய படகில் வந்ததாம். பெட்டிக்குக் கிட்ட ஒரு அம்மா நின்றார். அறுபது தாண்டியிருக்கும். கறுத்த நூலில் சிலுவை, இடுப்பில் காசுப்பை, காலடியில் மீன் அள்ள ஒரு வெறும் பேசின். முகம் என்றால் அதுதான் முகம். நெற்றியில் கோடு, கன்னத்தில் கோடு, எல்லாம் கீறி முடித்து வைத்தது மாதிரி. நான் பார்த்து எழுதினாலே போதும்.

படம் கீறுவதற்கு முதலில் அளவெடுக்க வேண்டும் என்று யூடியூப்பில் ஒரு வெள்ளைக்காரன் சொல்லித் தந்திருந்தான். கையை நேரே நீட்டிப் பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, பெருவிரலால் தலையின் அளவைக் குறிக்க வேண்டும். அப்படியே செய்தேன். பென்சில் உயர்ந்தது. கண் மூடியது.

அந்த அம்மா சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார். நல்ல பார்வை. புருவம் நெரிந்தது. ஆகா, முகத்தில் உணர்ச்சி வருகிறது என்று மகிழ்ந்தேன். புருவத்துக்கும் மூக்குக்கும் இடைவெளி மாறிவிட்டதே, திரும்ப அளந்தேன். அவருடைய நாடி மேலே போனது. நாடியை அளந்தேன். பல்லைக் கடித்தார். தாடையை அளந்தேன். தேவராசா என்னைப் பார்த்துப் பார்த்து உற்சாகமாகக் கத்திக்கொண்டே போனார். நல்ல மனிதர், கலையை மதிக்கிறார் என்று நினைத்து அவருக்கும் ஒருமுறை தலையாட்டினேன்.

"ஐயாவுக்கு!" என்று அவர் கையைத் தட்டினார். "விளைமீன் திருநீறு பூசின ஐயாவுக்கு! சுபமாக் கொண்டு போங்கோ!"

கரை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நானும் என் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பின்னால் கடல்தான் இருந்தது.

"எனக்கோ? நான் படமெல்லோ கீறினனான்!"

"படமோ? பென்சிலைத் தூக்கிக் கண்ணைக் காட்டினது ஆர்? நான் ரவுணிலை புதுசா ஹோட்டல் திறக்கிற ஆளெண்டெல்லோ நினைச்சன்!" என்றார் தேவராசா.

"அது அளவெடுத்தது அண்ணை. அந்த அம்மான்ரை முகத்தை."

எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை.

"ஐயா," என்றார் படகுக்காரர் ஜெரிசன், கையைத் துடைத்துக்கொண்டு. "கொடி ஏறினதிலையிருந்து மீனுக்கு விலையே இல்லை. இண்டைக்குத்தான் ஒரு விலை கண்டனான். கரையிலை கைதட்டினாப் பிறகு மாத்திறேல்லை."

மற்றப் பெட்டிகளை ஏலம் கூறி முடித்து வியாபாரிகள் மீனை ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். திரும்பக் கூறினாலும் எடுக்க ஆள் இல்லை. ஜெரிசன் முகத்தைப் பார்த்தேன். கரண்ட் பில்லுக்கும் கோயில் உபயத்துக்கும் என்று பொக்கெற்றில் வைத்திருந்த காசை எடுத்துக் கொடுத்தேன். விரத காலத்தில், திருநீற்றோடு, ஒரு பெட்டி விளைமீனுக்கு நான் சொந்தக்காரன் ஆனேன்.

அப்போதுதான் அந்த அம்மா கிட்ட வந்தார். பெயர் அருமைநாயகி. சின்னக்கடைச் சந்தையில் மீன் விற்கிறவர்.

"தம்பி, முதலிலை நீர் கண்ணடிக்கிறீரெண்டு நினைச்சன். இந்த வயதிலை எனக்குக் கண்ணடிக்க ஒரு ஆள் வந்திட்டாரெண்டு பாத்தா, என்ரை வயித்திலை அடிக்கிறீர்."

"அக்கா, சத்தியமாத் தெரியாமச் செய்திட்டன்."

"இந்தப் பெட்டிக்காகத்தான் மற்றதொண்டுக்கும் நான் கேக்காம நிண்டனான். இப்ப பேசினும் வெறுமை, நானும் வெறுமை. இண்டைக்கு நான் எதைக் கொண்டுபோய் விரிக்கிறது?"

அவர் காலடியில் அந்த பேசின் கிடந்தது. பென்சிலைக் கடலுக்குள் எறியலாம் போல இருந்தது.

"மீனை நீங்களே எடுங்கோ அக்கா. காசு வேண்டாம்."

"சும்மாவோ?" அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நான் என்ன கையேந்தவோ கரைக்கு வந்தனான்? ஏலத்திலை எடுத்த மீன் எடுத்தவருக்குத்தான். விக்கத் தெரிஞ்சது எனக்கு. ஏத்தும் ஓட்டோவிலை. முதலிலை நீர் போட்ட முதல் உமக்கு. அதுக்கு மேலை வாறது எனக்கு. ஆனா நீர் ஏத்திவிட்ட விலைக்கு, மத்தியானத்துக்குள்ளை கடைசி மீனும் போகவேணும். போகாட்டி எனக்கு ஒண்டும் மிஞ்சாது. பக்கத்திலை இருந்து பாரும், நீர் செய்த வேலையை."

இப்படித்தான் நான் சின்னக்கடையில் மீன் விற்கப் போய் உட்கார்ந்தேன்.

முதல் வந்தவருக்கு மீனைக் கொடுத்து, வாங்கிய காசை நெற்றியில் தொட்டுச் சிலுவை போட்டார் அருமைநாயகி அக்கா. பழக்கதோஷத்தில் நானும் திருநீற்றைத் தொட்டுக் கும்பிட்டேன். அதற்குப் பிறகு வரவு குறைந்துவிட்டது. வருகிறவர்கள் விலையைக் கேட்டார்கள், பக்கத்தில் இருக்கும் என் நெற்றியைப் பார்த்தார்கள், போனார்கள்.

"உம்மைக் கண்டா எல்லாருக்கும் விரதம் ஞாபகம் வருகுது. மூஞ்சையை மறையும்!"

கொப்பியைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்தேன். சும்மா பிடித்திருக்கக் கை வரவில்லை. கரையில் பாதியில் விட்ட அக்காவின் முகத்தைத் தொடர்ந்து கீறினேன். வெயில் ஏறியது. மீனுக்கு மேலே போட்ட ஐஸ் கரைந்து என் காற்சட்டையை நனைத்தது.

றஜிதா என்று ஒரு பிள்ளை, பக்கத்துத் தெருவாம், விலை பேசிக்கொண்டு நின்றவள் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இவர் தேவராசா அண்ணையைக் கீறியிருக்கிறார்!"

"எங்கை?" அருமைநாயகி அக்கா கொப்பியைப் பறித்துப் பார்த்தார். "அடி பாவி, இது நானடி!"

றஜிதா சிரிக்கத் தொடங்கினாள். அடுத்த கடைக்காரரும் வந்து பார்த்துச் சிரித்தார். இறால் விற்றவர் எழும்பி வந்தார். தேவராசாவுக்கு மீசை இருக்கிறது, இதற்கும் இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். அது மீசை இல்லை, மூக்கின் நிழல் என்று நான் விளக்கினேன். ஒருவரும் கேட்கவில்லை. சிரித்துச் சிரித்தே றஜிதா ஒரு மீனுக்கு இரண்டாக எடுத்தாள்.

"அங்கிள், என்னையும் கீறித் தாங்கோ. என்ரை மனிசனுக்குக் காட்டவேணும்."

கீறினேன். நேரம் எடுக்கவில்லை. கெட்ட படம் கீற நேரம் தேவையில்லை.

"கிழிச்சுத் தாங்கோ."

அங்கேதான் எனக்குக் கை நின்றது. மற்றவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். அந்தக் கொப்பியில் ஒரு பக்கமும் கிழியவில்லை. ஆடு நாயான பக்கமும் மனைவி பெரியக்காவான பக்கமும் அப்படியே இருந்தன. மகள் வரும்போது முழுக் கொப்பியாகக் கையில் கொடுக்க வேண்டும் என்று வைத்திருந்தேன்.

அருமைநாயகி அக்கா ஒரு விளைமீனின் செவுளை விரலால் விரித்துப் பார்த்தார். சிவப்பு மங்கத் தொடங்கியிருந்தது. திரும்ப மூடினார்.

கிழித்துக் கொடுத்தேன்.

அடுத்த நிமிடம் அக்காவின் குரல் தேவராசாவை வென்றது.

"வாங்கோ, வாங்கோ! விளைமீன் எடுத்தா மூஞ்சை கீறித் தருவார்! கொழும்பிலையிருந்து வந்த ஆட்டிஸ்ட்!"

"கொக்குவில், அக்கா."

"நீர் வாயை மூடிக்கொண்டு கீறும்!"

கீறினேன். சைக்கிளில் வந்தவரைக் கீறினேன். தாய்க்கும் மகளுக்கும் ஒரே தாளில் கீறினேன். இருவரும் மற்றவர்தான் அது என்று சண்டை பிடித்துக்கொண்டு போனார்கள். தன்னைக் கீறியதைப் பார்த்த ஒரு பெரியவர், "தம்பி, இது என்ரை மச்சான்காரன். எனக்கும் அவனுக்கும் கதை பேச்சில்லை" என்று திருப்பித் தந்தார், பிறகு யோசித்து, "சரி தா, அவனுக்குக் காட்டிக் கோவம் மாறுவம்" என்று வாங்கிப் போனார். எவருக்கும் அவரவர் முகம் கிடைக்கவில்லை. ஆனால் எல்லாரும் மீன் வாங்கினார்கள். கூட்டத்தைப் பார்த்துக் கூட்டம் வந்தது.

கூட்டத்தின் கரையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ஹெல்மெற்றைக் கழற்றாமல், அதன் கண்ணாடியையும் உயர்த்தாமல், குரலை உள்ளுக்குள் வைத்துக் கேட்டார்.

"கிலோ என்ன விலை?"

எனக்கு அந்தக் குரல் தெரியும். சிவதர்ஷன். எங்கள் வீட்டு ஒழுங்கையில் உள்ள கோயிலின் சபைக்காரர். கொடியேற்றத்துக்கு முதல் நாள்தான் வீடு வீடாக வந்து, "விரதத்தைக் கட்டாயமா எல்லாரும் பிடியுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனவர். ஹெல்மெற் என் நெற்றியைப் பார்த்தது. நான் ஹெல்மெற்றைப் பார்த்தேன்.

"சிவகரன் அண்ணை," என்றது ஹெல்மெற், மிக மெதுவாக. "நீங்கள் இஞ்சை?"

"ஏலத்திலை எடுத்தனான்."

"நான் நாய்க்கு வாங்க வந்தனான்."

சிவதர்ஷன் வீட்டில் நாய் இல்லை. அது எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

"ஹெல்மெற்றைக் கழட்டும் தம்பி, இவர் உம்மடை முகத்தைப் பாக்கவேணும்," என்றார் அருமைநாயகி அக்கா.

"வேண்டாம், வேண்டாம்! என்னைக் கீறவேண்டாம்!"

"வாங்கிற எல்லாருக்கும் உண்டு. பிறகு எனக்கெண்டு தரேல்லையெண்டு சொல்லப்படாது. ஹெல்மெற்றோடை கீறும் தம்பி."

கீறினேன். ஒரு வட்டம், ஒரு கறுப்புக் கண்ணாடி, கீழே கழுத்து. எல்லாரும் வந்து பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

"அச்சொட்டு!" என்றார் இறால்காரர். "இது மட்டும் அப்படியே இருக்கு!"

நான் கீறியதிலேயே ஆளை அடையாளம் தெரிகிற ஒரே படம் அது. அதைக் குழுவில் போட எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று கடவுளுக்குத்தான் தெரியும். சிவதர்ஷன் அதை வாங்கி நாலாக மடித்துச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, நாய்க்கென்று பெரிதாக இரண்டு மீன் எடுத்து, மிச்சக் காசும் வாங்காமல் பறந்தார்.

பிறகு வெற்றுத் தாள் முடிந்துவிட்டது. பெட்டியில் இன்னும் மீன் இருந்தது. மத்தியானம் கிட்டிவிட்டது. அக்கா காசுப்பையில் இருந்து எடுத்து எண்ணி என் பொக்கெற்றில் வைத்தார். "உம்மடை முதல் வந்திட்டுது. இனி வாறதுதான் என்ரை," என்று சொல்லிவிட்டு மீனைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

பழைய பக்கங்களைத் திருப்பினேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. கேத்திலுக்குப் பின்னால் ஒரு மாமியைக் கீறினேன். கிழித்தேன். வாளிக்குப் பின்னால் ஒரு ஓட்டோக்காரர். ஆட்டுக்குப் பின்னால் ஒரு ரீச்சர். ஆட்டைத் திருப்பிப் பார்த்த ரீச்சர், "இந்தப் பக்கம் நல்லா இருக்கு, நாய் வடிவு" என்றார். மனைவி முருங்கைக்காய் வெட்டும் பக்கம் கடைசியாக மிஞ்சியது. அதன் பின்னால் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிய ஒருவரைக் கீறினேன். மனைவியை மடித்து இடுப்புச் சாரத்தில் செருகிக்கொண்டு கடைசி மூன்று மீனையும் அவர் வாங்கிப் போனார்.

பெட்டியில் ஐஸ் தண்ணீர் மட்டும். அருமைநாயகி அக்கா காசுப்பையைக் கையால் ஒருமுறை நிறுத்துப் பார்த்தார். எண்ணவில்லை. நிறுத்துப் பார்த்தே தெரியும் போல.

"மற்ற நாளையிலை பாக்கக் குறைவில்லை தம்பி," என்றார். என் கொப்பியில் இருந்து முதலில் கீறிய தன் படத்தைத் தானே கிழித்து எடுத்தார். "இதை நான் வைச்சிருக்கிறன். பேரப்பிள்ளையள் சோறு தின்னாட்டிக் காட்டலாம். அதுசரி, விரதக்காரன் நீர், என்னத்துக்குக் கரைக்கு வந்தனீர்?"

"ஆக்களைக் கீற."

"நல்லூரிலை ஆக்கள் இல்லையோ? ஊரே அங்கைதானே நிக்குது!"

இது எனக்குத் தோன்றவேயில்லை. உண்மையைச் சொன்னால் தோன்றியது. அங்கே என்னைத் தெரிந்தவர்கள் நிற்பார்கள், கீறியதைப் பார்ப்பார்கள் என்ற பயம். அதை அக்காவிடம் சொன்னேன்.

"இனி உமக்கு அந்தப் பயம் என்னத்துக்கு?" என்றார் அவர். சின்னக்கடை முழுக்க என் படம் போயிருந்தது.

வீட்டுக்கு வந்தேன். மனைவி மணத்தை வைத்து, நான் ஒழுங்கை திரும்பும்போதே வீட்டுப் படலைக்கு வந்துவிட்டாள்.

"அங்கையே நில்லுங்கோ! பின்னாலை சுத்திக் கிணத்தடிக்குப் போங்கோ. உடுப்போடை!"

கிணற்றடியில் நின்று நடந்தது முழுவதும் சொன்னேன். சிவதர்ஷன் விசயத்தைச் சொல்லவில்லை. அவள் விரதக்காரி, இன்னொருவர் பாவத்தைக் கேட்க வேண்டாம். கொப்பியை நீட்டினேன். முன்மட்டை, பின்மட்டை, நடுவில் கம்பி. மகளுக்கு என்ன சொல்வது என்று கேட்டேன். உபயக் காசு நனைந்திருக்கிறது, மணக்கிறது, இதைக் கோயிலுக்குக் கொடுக்கலாமோ என்றும் கேட்டேன். அவள் கிணற்றில் ஒரு வாளி அள்ளினாள். கையில் வாளியோடு யோசித்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்சருங்கோ, அந்த மனிசிக்குக் கடைசியிலை நட்டமில்லைத்தானே?"

"இல்லைக் குணம். நல்ல லாபம்."

"வடிவாத் தெரியுமோ?"

"சிரிச்சுக்கொண்டுதான் போனவ."

"அப்ப சரி, குனியுங்கோ," என்று சொல்லி, ஒரு வாளித் தண்ணீரை அப்படியே என் தலையில் ஊற்றினாள்.